தொட்டிமேல் நிற்கும் பெண்

"கேக்குதா மேடம்? இல்ல மேடம், குளியல் இன்னும் உக்காந்துதான். ஸ்டூல் போட்டிருக்கேன். சோப்பை ஒரு சாக்ஸுக்குள்ள போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, இனிமே நழுவாது!"

குரல் மேகத்திற்குள்ளிருந்து வருகிறது. விடியற்காலையில் எங்கள் தெருவில் மூடுபனி கூரை மட்டத்திற்குத் தேங்கி நிற்கும். குடிநீர்த் தொட்டியின் கால்கள் அதில் கரைந்துவிட, தொட்டி மட்டும் கரையற்ற நீரில் நிற்கும் படகைப்போல மிதக்கும். அந்தப் படகின் விளிம்பில், ஒரு கையால் இரும்பேணியைப் பற்றிக்கொண்டு, மறுகையால் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் நிற்பாள். சாலை முடிந்துபோகும் இவ்வூரில் சிக்னல் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். ஊரார் அவளுக்கு வைத்த பெயர் தொட்டிப் பொண்ணு.

அவள் ஆக்குபேஷனல் தெரபி மாணவி. நோய் முடக்கிப்போட்டவர்களைக் குளிக்கவும் உடுத்தவும் உண்ணவும், தம் வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்ளவும் மீண்டும் பழக்குவது அவள் கற்கும் தொழில். மருத்துவமனை எட்டாத ஊர்களிலும் வேலை செய்யப் பழக வேண்டும் என்று, அவளுடைய கல்லூரி இறுதியாண்டு மாணவர்களை ஆளுக்கோர் ஊராக அனுப்பிவைக்கிறது. ஆசிரியை நகரத்தில், மாணவி இங்கே, வகுப்பறை தொட்டியின்மேல்.

நோயாளியின் பெயரை வெளியில் சொல்லக்கூடாது என்பது அத்தொழிலின் விதி. அதை அவள் உயிராகக் காக்கிறாள். "பேரு வேணாம் மேடம், ரகசியம்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டு, "அந்தத் தையல்கார அம்மா" என்று தொடர்வாள். எங்கள் ஊரில் தையல்கார அம்மா ஒருவர்தாம். கீழே டீக்கடைக்காரர் ஆவி பறக்கும் கண்ணாடிக் குவளைகளை நீட்டியபடி, "இன்னிக்கு சோப்பு நியூஸ் முடிஞ்சுது. சட்டைப் பட்டன் நாளைக்கு" என்று அறிவிப்பார்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், நோயாளிக்கு அங்கே எது இடைஞ்சல் என்று அறிய, அவள் நாற்காலியில் அமர்வதற்கு முன் அதை அசைத்துப் பார்ப்பாள். கண்ணை மூடிக்கொண்டு அடுக்களைவரை நடப்பாள். குழாயை முழங்கையால் திறப்பாள். டீக்கடைக்காரரின் தாயாருக்கான சக்கர நாற்காலி போகுமா என்று பார்ப்பதற்காக, அதில் தானே அமர்ந்து அவர்கள் வீட்டுக் குளியலறை வாசலில் சிக்கிக்கொண்டாள் ஒருமுறை. கதவைக் கழற்றித்தான் அவளை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. "போகாதுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல அண்ணா!" என்று அவள் மலர்ந்த முகத்தோடு சொன்னபோது, டீக்கடைக்காரர் கழற்றிய கதவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

தையல்கார அம்மாவுக்குப் பக்கவாதத்தில் வலக்கை விழுந்துவிட்டிருந்தது. அவருடைய கணவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வேளைதோறும் மனைவியின் அருகில் அமர்ந்து அவர்தாம் கஞ்சி ஊட்டுவார். அந்த அம்மாவைத் தம் கையாலேயே உண்ணவைப்பதை மாணவி தன் குறிக்கோளாகக் கொண்டாள். ஆசிரியை நேரில் வந்து பார்க்கும் வெள்ளிக்கிழமையன்று அது நடந்தாக வேண்டும். நடந்தால்தான் இவள் தேர்ச்சி பெறுவாள். சைக்கிள் டியூபை வெட்டிக் கரண்டியின் காம்பில் சுற்றிப் பிடி தடிப்பாக்கினாள். தட்டு நகராமலிருக்க ஈரத் துணியை அடியில் விரித்தாள். விரல்கள் மெல்ல மெல்ல, உறக்கத்திலிருந்து எழுவனபோல, வளைந்துகொடுத்தன. முதல் வாய்க் கஞ்சி தானாக உள்ளே போன அன்று, அவள் தொட்டியின்மேல் குதித்த குதிப்பில் ஏணி கிடுகிடுத்தது.

அதன்பின் வந்த ஒரு பிற்பகல். மாணவி தையல்கார அம்மாவின் வீட்டுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரி என்னும் உரிமையில் நானும் அங்கிருந்தேன். சன்னலில் வெளிச்சம் பால்போல் மங்கிக் கிடந்தது. தட்டில் கஞ்சி ஆடை கட்டியிருந்தது. ஓட்டுநர் வெளியே படியில் அமர்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா சாப்பிடல? கை வலிக்குதா?"

"கை நல்லாத்தான் இருக்கு கண்ணு. அவருதான் எந்திரிச்சுப் போயிட்டாரு."

"இனிமே அவருக்கு ரெஸ்ட்தானேம்மா!"

"ரெஸ்டாம் ரெஸ்டு. காலம் பூரா வண்டி ஓட்டிட்டு வந்து, சோத்தைப் போடுன்னு ஒரு வார்த்தை, அதோட குறட்டை. என் கை விழுந்தப்புறந்தான் வாயே திறந்தாரு. ஒரு வாய்க்கு ஒரு ஊரு. எந்த வளைவுல மழை பிடிக்கும், எந்த ஸ்டாப்புல எந்தப் பொண்ணு அழுதுக்கிட்டு ஏறுச்சு, எல்லாம் சொல்லி ஊட்டுவாரு. பாதி வழிதான் வந்திருந்தோம். நீ கரண்டியை என் கையில குடுத்து வண்டியை நிறுத்திட்ட."

மாணவி ஈரத் துணியின் மூலையை நெடுநேரம் நீவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் மேகத்திலிருந்து வந்த குரல் தாழ்ந்திருந்தது. தெரு தானாகவே அமைதியாகிவிட்டதால்தான் எங்களுக்குக் கேட்டது.

"தப்புப் பண்ணிட்டேன் மேடம். இல்ல, கரண்டியை நல்லாப் பிடிக்கிறாங்க. அதான் தப்பு... இவ்வளவு நாளும் அவங்க வெறும் கஞ்சியை மட்டும் சாப்பிடல மேடம், அவர் சொல்ற கதையையும் சேர்த்துத்தான்... தெரியும், வெள்ளிக்கிழமை... தனியாச் சாப்பிடுறதைக் காட்ட முடியாது மேடம். தனியாங்கிற அந்த ஒண்ணைத்தான் அவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு தோணுது... வேற என்ன காட்டுறதுன்னு எனக்கும் இன்னும் தெரியல."

டீக்கடைக்காரர் அன்று செய்தி வாசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆசிரியை முதல் பேருந்தில் வந்து இறங்கினார். அதிகம் பேசாத, நெட்டையான பெண்மணி. சாலையின் வளைவுகளில் பாதி உயிரை விட்டுவந்தவர்போல் வெளுத்திருந்தார். தையல்கார அம்மாவின் வீட்டில் மாணவி இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, நடுவில் மேசைமேல் இரண்டு தட்டுகள் வைத்திருந்தாள்.

"எனக்கு எதுக்கும்மா தட்டு?" என்றார் ஓட்டுநர். "நான் அப்புறமா அடுப்புக்கிட்ட நின்னே சாப்பிட்டுக்குவேன்."

"இன்னிக்கு உக்காருங்கப்பா. சும்மா உக்காந்து சாப்பிடுங்க. அவ்வளவுதான்."

அவர் அமர்ந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தார். கஞ்சியின் ஆவி மட்டும் இருவருக்குமிடையே எழுந்து, சன்னல் வழியே உள்ளே வந்த பனியோடு கலந்துகொண்டிருந்தது.

"தனியாச் சாப்பிடுவாங்களா?" என்று ஆசிரியை மெல்லக் கேட்டார்.

மாணவி தையல்கார அம்மாவைப் பார்த்தாள்.

தையல்கார அம்மா கரண்டியை எடுத்தார். கஞ்சியை அள்ளினார். கரண்டி அவருடைய வாய்க்குப் போகவில்லை. நடுங்கி, சற்றே நின்று, மேசையைக் கடந்து எதிர்ப்பக்கம் போயிற்று.

"வாயைத் திறங்க" என்றார். "அந்தப் பாலத்தைத் தாண்டினதும் வண்டி நின்னுபோச்சுன்னீங்களே. அப்புறம்?"

ஓட்டுநர் திகைத்து மனைவியைப் பார்த்தார். "அப்புறம்... எல்லாரும் எறங்கித் தள்ளினாங்க" என்று தொடங்கினார். கரண்டி சாய்ந்தது, அவருடைய சட்டையில் ஒரு சொட்டு விழுந்தது, பிறகு இன்னொன்று. அந்த அம்மாவின் முழங்கை கீழே தழைந்துகொண்டே வந்தது.

மாணவி பாதி எழுந்துவிட்டாள். அந்த முழங்கையைத் தாங்குவதற்காக அவளுடைய கை காற்றில் நீண்டது. ஆசிரியை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அப்படியே ஒரு கணம் நின்றாள்; பின்பு மெதுவாக உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தன் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் அழுத்தமாக அமர்ந்துகொண்டாள்.