லினக்ஸ் சிடி கேட்ட கேள்வி

போன வாரம் என் மகளின் அறைக்குள் தட்டாமல் நுழைந்துவிட்டேன். அவள் சட்டென்று லேப்டாப்பை மூடினாள். நான் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. அவள் எதை மறைக்கிறாள் என்ற கவலைகூட இல்லை. ஒரு கணம் அவள் முகத்தில் என் அக்காவைப் பார்த்துவிட்டேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவின் தறிக் கொட்டகை. அக்கா கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். அவளுக்காக வாங்கிய கம்ப்யூட்டருக்கு எங்கள் வீட்டில் சாமி படங்களுக்கு அடுத்தபடியான மரியாதை. ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு மானிட்டரில் அப்படியே இருக்கும். சாயங்காலங்களில் அக்கா அதில் எதையோ தட்டிக்கொண்டு தனக்குள் சிரிப்பாள். கூடப் படிக்கிற ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறாள் என்பதும், அவர் எங்கள் சாதிசனம் இல்லை என்பதும் எனக்குத் தெரியாது. படிப்பில் இத்தனை சந்தோஷமா என்று பொறாமைப்பட்டேன்.

பிறகு கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை, தறிக்குக் கிளம்பும்போது அப்பா ஆறுதலாகத்தான் சொன்னார்.

"மத்தியானம் காந்திபுரத்துக்கு எடுத்துட்டுப் போறேன் கண்ணு. நம்ம சிநேகிதன் கடைல, அழிச்சுப்போட்டதைக்கூட எடுத்துக் குடுத்துருவாங்களாமா."

அக்கா தட்டில் இருந்த தோசையைத் தொடவில்லை. அப்பா படி இறங்கியதும் உள் அறைக்கு என்னை இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். கல்லூரிப் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தாள். லினக்ஸாம், இதைப் போட்டால் வைரஸ் ஓடிவிடுமாம், ஆனால் அப்பா ஒரு மணிக்குச் சாப்பிட வருவதற்குள் முடிய வேண்டுமாம்.

சிடி சுழன்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி, ஒரு வரியில் நின்றன. எந்தப் பட்டனைத் தட்டினாலும் அசைவில்லை. அணைத்துப் போட்டாள். அதே வரி. சிடியைத் துப்பட்டாவால் துடைத்தாள். அதே வரி. பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பஞ்சு அடைந்திருந்தது. தறி வீட்டில் சோற்றிலேயே பஞ்சு இருக்கும், கம்ப்யூட்டர் எம்மாத்திரம். பெயின்ட் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் கூட்டித் தள்ளினோம். மறுபடியும் அதே வரி. தறிச் சத்தம் நிற்கும்போதெல்லாம் அக்கா ஜன்னலுக்கு ஓடினாள். நூல் அறுந்து தறி நிற்பது எங்களுக்குப் புதிதில்லை, அன்று மட்டும் ஒவ்வொரு தடவையும் அப்பாவே வருகிற மாதிரி இருந்தது.

கூடத்துக்குப் போய் டெலிபோனில் யாரிடமோ தணிந்த குரலில் ஆங்கிலத்தில் பேசிவிட்டு வந்தாள். போன் ஒயர் சொருகியிருந்த மோடம் கார்டை உள்ளேயிருந்து பிடுங்கி என் கையில் கொடுத்தாள். இந்தமுறை எழுத்துகள் அந்த வரியைத் தாண்டி ஓடின. அக்கா என் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

அதே நேரம் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவருக்குச் சோறு போட வரச் சொல்லி அடுக்களையிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"அது என்ன கேட்டாலும் எஸ் குடுத்துப்போடு அம்மணி," என்று சொல்லிவிட்டு அக்கா போனாள்.

மொழி கேட்டது, எஸ் கொடுத்தேன். கீபோர்டைக் கேட்டது, கொடுத்தேன். அடுத்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன். இந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. அக்கா சிரித்துச் சிரித்து எழுதினாளே, அதெல்லாமா? பாவம், அவளுக்குத் தெரியவில்லை. நல்ல வேளையாக நான் இருந்தேன். நோ கொடுத்தேன். சிடியை வெளியே எடுத்து உறையில் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்தேன்.

கையில் ரசக் கிண்ணத்தோடு அக்கா கதவருகே வந்து, முடிந்ததா என்று கண்ணாலேயே கேட்டாள். அப்பா காதில் விழக்கூடாது என்று நானும் தலையை மட்டும் ஆட்டினேன். அப்பா கை கழுவிவிட்டு வந்தார். ஒயர்களைக் கழற்றி, பெட்டியைக் காரின் பின்சீட்டில் வைத்தார். அக்காவே கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று அவள் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவள் கல்லூரிக்குப் போகவில்லை. தை பிறந்ததும் பெருந்துறைப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அப்பா அவளை அடிக்கவில்லை, பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். ஆனால் அந்த மதியம் அதெல்லாம் யாருக்குத் தெரியும்? நான் செய்த நல்ல காரியத்தை அதற்கு மேல் என்னால் அடக்கி வைக்க முடியவில்லை. அவள் கை கழுவிவிட்டு வந்ததும் காதோடு சொன்னேன்: எல்லாத்தையும் அழிக்கட்டுமான்னு கேட்டுதுக்கா, நான் நோ குடுத்துட்டேன், உன்னோடது அத்தனையும் பத்திரமா இருக்குது.

அக்கா ஈரக்கையைத் துடைக்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வண்டி போயி எத்தனை நேரமாச்சு அம்மணி?"

அப்பா எப்போது திரும்பி வருவார் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். கவலைப்படாதே, சீக்கிரமே வந்துவிடுவார் என்று சொன்னேன்.