‘இதுவரை எல்லாவற்றுக்கும் நன்றி’: ஒரு ஜப்பானியப் பாட்டுக்காக நெட்டுக்குப்பம் வரை

ஜப்பானிய மொழித் தேர்வு எழுதும் மாணவர்களை அழைத்துக்கொண்டு போன மாதம் திருச்சியிலிருந்து சென்னை வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தேர்வு. திங்கட்கிழமை முழுக்க எனக்கே எனக்கு என்று ஒதுக்கி, மாமல்லபுரம் போகத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி சகிதம் தயாராக இருந்தேன். காலை எட்டு மணிக்கு வந்த ஒரு போன் என்னை நேர் எதிர்த்திசையில் அனுப்பிவிட்டது.

“டீச்சர், நான் கோமதி நைனா பேசுறேன், நெட்டுக்குப்பத்துலேர்ந்து. எம் பொண்ணு இன்னாமோ பாட்டு பாடி அனுப்பிக்கீறா. கீய நன்றின்னு எய்திக்கீது. நேத்துலேர்ந்து போனு போட்டா போகல. எங்க வூட்ல சோறு துண்ணாம குந்திகினு கீறா. உனக்குத்தான் அந்த பாஷ தெரியும். நீ மெட்ராஸ் வரேன்னு கோமதி முன்னமே சொல்லிக்கீறா. வந்து சொல்லு டீச்சர்.”

கோமதி என் பழைய மாணவி. இணையவழியில் என்னிடம் படித்துவிட்டு, ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். அப்பா ஏகாம்பரம், எண்ணூர் முகத்துவாரத்தில் மீன் பிடிப்பவர். ‘எங்க வூட்ல’ என்றால் அவர் மனைவி செல்வி. குரலில் நடுக்கம் இருந்ததால், நேரிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சென்ட்ரலை ஒட்டிய புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி ரயில். எண்ணூருக்குப் பத்து ரூபாய் டிக்கெட், ஏறக்குறைய நாற்பது நிமிடம். ஏறியதும் ஏகாம்பரம் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். வெள்ளைச் சீருடையில் கோமதி. சுருதி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மனமுருகிப் பாடுகிறாள். கீழே அவளே போட்ட தமிழ் வரிகள்: ‘என்னைப் பெற்றதற்கு நன்றி. இதுவரை எல்லாவற்றுக்கும் நன்றி.’ முடிவில் இடுப்பு வரை குனிந்து நின்றவள், நிமிரவே இல்லை. வீடியோ அதோடு தீர்ந்துவிட்டது.

இந்த வகைப் பாட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானில் வீட்டுக்குள் பாசத்தை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சத்துக்கு வடிகால் பாட்டுதான். பள்ளி முடிக்கும்போது, கல்யாண விருந்தில், அம்மாவுக்கான நாளில் என்று நன்றிப் பாட்டுகள் மலை மலையாகக் கிடக்கின்றன. ‘இமா மாதே அரிகாதோ’ என்பது அவற்றில் அடிக்கடி வரும் சொற்றொடர். ‘இதுவரை நன்றி’ என்று அர்த்தம். கோமதி சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறாள். நான் திருத்தினால்கூட முழு மார்க் போட்டிருப்பேன்.

ஆனால் அதைத் தமிழில் பெற்றவர்களிடம் சொல்லிப் பாருங்கள்! நாம் பஸ் கண்டக்டருக்கு நன்றி சொல்வோம், மேடையில் ஒலிபெருக்கி கொடுத்தவருக்குச் சொல்வோம். அம்மா அப்பாவுக்கு எவன் சொல்கிறான்? அதிலும் ‘இதுவரை’ என்று சேர்த்துவிட்டால், இத்தோடு சரி என்று ஆகிவிடுகிறது. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. நானும் அவளுக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சிரிப்பு போய்விட்டது. அவளோடு வேலை செய்யும் ரம்யாவும் என் மாணவிதான். ‘கோமதி நலமா? உடனே பேசச் சொல்’ என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் வரவில்லை. திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் எல்லாம் ஜன்னலில் போயின. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணூர் நிலையத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோ. நெட்டுக்குப்பத்துக்கு இருபது ரூபாய். கன்டெய்னர் லாரிகள் வழியை அடைத்து நின்றன. “இன்னா மேடம், மீனு வாங்கவா?” என்றார் ஓட்டுநர். ஒரு பாட்டுக்கு அர்த்தம் சொல்ல வந்தேன் என்றேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஹாரனை அழுத்தினார்.

ஏகாம்பரம் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே செல்வி, பாயில் சுவரோரம் சாய்ந்திருந்தார். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

“பேப்பர்ல நன்றின்னு எப்ப போடுவாங்கோ? காரியம் முடிஞ்சாத்தான டீச்சர் போடுவாங்கோ? எம் பொண்ணு உசுரோட கீறாளா?” என்றார் செல்வி.

இறந்தவர் வீட்டார் பேப்பரில் கொடுக்கும் நன்றி அறிவிப்பு விளம்பரம் எனக்கு நினைவுக்கே வந்திருக்கவில்லை. “அக்கா, அப்படியெல்லாம் இல்லை. இது அங்கே எல்லாரும் பாடுற பாட்டு. கல்யாணத்துல பொண்ணு அப்பா அம்மாவுக்குப் பாடுவா” என்று அவசரமாகச் சொன்னேன்.

ஏகாம்பரம் பட்டென்று நிமிர்ந்தார். “கல்யாணமா? எவனையாச்சும் கட்டிகினாளா?”

ஒரு தீயை அணைக்கப் போய் இன்னொன்றை மூட்டிவிட்டேன். பள்ளியில், அம்மா நாளில், வேலையிடத்து விழாவில் என்று அடுக்கிக்கொண்டே போனேன். இருவரும் நம்பிய மாதிரி தெரியவில்லை. நம்பச் சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை. அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசும்வரை என் விளக்கத்துக்கு என்ன மதிப்பு?

அப்போது என் போன் அடித்தது. ரம்யாவின் எண். எடுத்தால் கோமதியின் குரல். “சென்செய், என் போன் தண்ணியில வுழுந்துச்சு, ரிப்பேருக்குக் குடுத்துக்கீறேன். இன்னா ஆச்சு?” ஜப்பானியத்தில் ‘சென்செய்’ என்றால் ஆசிரியர். நான் ஸ்பீக்கரைப் போட்டுச் செல்வியிடம் நீட்டினேன். செல்வி ஓவென்று அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அப்பாடா என்று அங்கேயே தரையில் உட்கார்ந்தேன்.

ஏகாம்பரம் போனை வாங்கினார். “கல்யாணம் கில்யாணம் ஆயிச்சா?”

“லூசா நைனா நீ? இங்க விழால எல்லாரும் அவங்கவங்க வூட்டுக்குப் பாடுனாங்கோ. நானும் பாடுனேன்.”

“பாடு. வேணான்னு சொல்லல. இன்னாத்துக்கு நன்றி? நாங்க இன்னா அசலாளா? எங்களாண்ட கணக்கு தீத்துக்கிறியா நீ?”

“அப்ப இன்னான்னு போடறது?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “வரேன்னு போடு.”

குறுக்கே புகுந்து, ‘அரிகாதோ’வுக்கு அந்த அர்த்தம் கிடையாது என்று சொன்னேன். வாத்தியார் புத்தி! “உனுக்கு தெரியாது டீச்சர்” என்று என்னை அடக்கிவிட்டார். அவர் சொன்னது, வேலைக்குப் போகும்போதும் ஊருக்குப் போகும்போதும் நாம் சொல்லிவிட்டுப் போகும் அதே ‘வரேன்’. மறுமுனையில் கோமதி சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சினாள். போனிலேயே அந்தப் பாட்டைப் பாடினாள். நன்றி வரும் இடத்திலெல்லாம் ‘வரேன் நைனா, வரேம்மா’ என்று போட்டாள். மெட்டில் உட்காரவே இல்லை. செல்வி இரண்டு முறை பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார்.

சாப்பிட்டுவிட்டு முகத்துவாரம் வரை நடந்தேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். அன்றைக்கு எனக்கு எல்லாமே அழகாக இருந்தன.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போங்கள். நிழல் குறைவு, குடையும் தண்ணீரும் அவசியம். சாலை வழியைவிட ரயில் உத்தமம், லாரி நெரிசலில் மாட்டினால் நாள் போய்விடும். படம் எடுக்குமுன் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பாட்டு அனுப்புகிறவர்களுக்கும் ஒன்று: தாராளமாக அனுப்புங்கள், கூடவே எப்போது வருகிறோம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நான் கிளம்பும்போது ஏகாம்பரம் ஒரு பை நிறைய மடவை மீனை என் கையில் திணித்தார். ஓட்டலில் தங்கியிருக்கிறேன், எங்கே சமைப்பேன் என்று கெஞ்சியும் விடவில்லை. அவ்வளவு தூரம் போய் வந்ததற்கு, அந்த மனிதர் எனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. ரயிலில் மீன் வாடைக்கு ஆட்கள் தள்ளித் தள்ளி உட்கார, அதை நினைத்து நினைத்துப் பூரித்துக்கொண்டே வந்தேன்.