கூமாப்பட்டி வயலில் என் கோணல் வரிசை

தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு ஊழியப் பயணம் போகிறோம், என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று எங்கள் சபையில் இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் போனது தொண்ணூறுகளில், ஒரு நவம்பர் கடைசியில், மலேசியாவில் பள்ளி விடுமுறை விட்ட வாரம். அப்போது பேராக்கில் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்தேன். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது வேலை. தாத்தாவின் நாடு என்ற பெருமையைத் தவிர இந்தியாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

பாஸ்டரோடு சேர்த்து ஆறு பேர். மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் ரயிலில் மூன்று மணி நேரம் ஆடி ஆடி இராஜபாளையம் வந்தோம். லாட்ஜில் அறை தொண்ணூறு ரூபாய். இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் பேண்டேஜ் துணியை, விமானத்தில் கூடுதல் எடைக்குப் பணமும் கட்டித் தூக்கி வந்திருந்தோம். காலையில் டீ குடிக்கப் போனால் எதிர்க் கட்டடத்தில் தறி ஓடுகிறது, வாசலில் அதே துணி மலையாகக் கிடக்கிறது.

"எதுக்குண்ணே அம்புட்டு தூரத்துல இருந்து சொமந்துகிட்டு வந்திய? இங்க கேட்டா கிலோக் கணக்குல குடுப்பாவளே" என்றார் டீக்கடைக்காரர். பாஸ்டர் அன்று முழுக்க அந்தப் பெட்டிகளின் பக்கம் திரும்பவே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம். அங்கே பஸ் மாறி, வத்திராயிருப்பு வழியாகக் கூமாப்பட்டி, இன்னும் இருபது கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் மூன்று ரூபாய். இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள், மலை கூடவே வரும். பஸ் நிலையத்தில் வாங்கிய அரைக்கிலோ பால்கோவா வத்திராயிருப்பு வருவதற்குள் காலி.

கூமாப்பட்டியிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்தால், சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத நாற்பது கூலிக் குடும்பங்கள். அங்கிருந்த ஓடு வேய்ந்த கிறிஸ்தவக் கோவிலில் காலை ஒன்பது முதல் நான்கு வரை மருத்துவ முகாம் என்று அறிவித்திருந்தோம். முதல் நாள் வந்தது மூன்று பேர். மற்ற எல்லாரும் நடவில் இருந்தார்கள். யாரிடமாவது முன்பே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஐந்தரைக்கு வயலிலிருந்து பெண்கள் திரும்பினார்கள். அன்னத்தாய் என்ற நாற்பது வயதுக்காரி நொண்டிக்கொண்டே வந்து காலை நீட்டினாள். விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் முள் குத்திச் சீழ் வைத்த புண். எஸ்டேட்டில் இப்படிப்பட்ட புண்ணை அசட்டை செய்து விரலை எடுக்க வேண்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கழுவி, கட்டி, "அஞ்சு நாளைக்கு இந்தக் கால் சேத்துல படக்கூடாது" என்றேன்.

"அப்ப அறுப்பு? நீங்க வந்து தருவியளா?" என்றாள். கோபமாக இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் பேச்சியம்மாள் விளக்கினாள். அந்த ஊரில் நட்டவளுக்குத்தான் அறுப்பு. அறுப்புக்கூலி நெல். நடுவில் நின்றுவிட்டால் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிடுவாள். அந்த நெல்லும் போய்விடும். அன்னத்தாய் வீட்டில் அதை நம்பித்தான் நான்கு வயிறு.

"அவ எடம் காலியா இருக்கக்கூடாது, அம்புட்டுதான். அவளுக்காக வேற ஆளு நின்னாலும் அவ நட்ட கணக்குதான்."

"நான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"ஏட்டி, டாக்டரு நாத்து நடப் போறாராம்" என்றாள் பேச்சியம்மாள். ஆண்கள் நாற்றுப் பறிப்பார்கள், நட மாட்டார்கள் என்பதே எனக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், அந்தச் சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை.

"நீ மருந்து கட்ட வந்தாயா, நடவு நட வந்தாயா?" என்றார் பாஸ்டர். ஆனால் முகாமை மாலைக்கு மாற்றியவரும் அவர்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். குனிந்தபடி பின்னால் நகர வேண்டும். மூன்றாம் அடியில் உட்கார்ந்துவிட்டேன். இருபது பெண்களும் நிமிர்ந்து குலவை போட்டார்கள். அவர்கள் இரண்டு வரிசை முடிக்கையில் நான் பாதியில் நிற்பேன். பேச்சியம்மாள் திட்டிக்கொண்டே என் மீதியை நட்டுத் தருவாள். இடுப்பு என்று ஒன்று இருப்பதே அந்த வாரம்தான் தெரிந்தது. அப்படிச் சந்தோஷமாக நான் எந்த ஊழியமும் செய்ததில்லை.

அன்னத்தாய் கட்டுப் போட்ட காலோடு வரப்பில் உட்கார்ந்து மேற்பார்வை செய்தாள். "அண்ணாச்சி, அது நாத்தா, பாம்பு போன தடமா?" ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தேன். சீழ் இல்லை. ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகச் சதை வளர்ந்திருந்தது. ஆறாம் நாள் அவளே இறங்கி நட்டாள். நாங்கள் பஸ் ஏறினோம்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். துணியை இராஜபாளையத்தில் வாங்குங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். முகாம் நேரத்தை அந்த ஊர்ப் பெண்களைக் கேட்டு வையுங்கள். இரண்டு நாளாவது திட்டமில்லாமல் விடுங்கள். அவர்களுக்கு என்ன தேவை என்பது அங்கே போன பிறகுதான் தெரியும்.

மார்ச் மாதம் அந்தக் கோவில் போதகரிடமிருந்து கடிதம் வந்தது. அறுப்பு முடிந்ததாம், அன்னத்தாய்க்கு நெல் கிடைத்ததாம். "உங்கள் கோணல் வரிசைகளை அவளே அறுத்தாள், வேறு யாரையும் தொடவிடவில்லை" என்று எழுதியிருந்தார். ஆஸ்பத்திரி மேசையில் வைத்துப் படித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன்.