மூன்று வாக்குத் தொகுதியும் மாமாவின் சுண்டுவிரலும்

போன தேர்தலில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாக்களித்துவிட்டு வெளியே வந்தபோது, மை பூசிய சுண்டுவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். வயது எழுபதை நெருங்கியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அந்த மையைப் பார்த்தாலே என் தாய்மாமாவின் மை வைத்த தகர டப்பாதான் கண்ணுக்கு வரும். நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பெட்டிகளின் மீது அச்சுத் தகடு வைத்துக் கறுப்பு மையால் தோட்டத்தின் பெயரைப் பதிப்பது அவர் வேலை.

அப்போது எங்கள் தொகுதி வேறு மாதிரி. ஒரே தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள், ஆளுக்கு மூன்று வாக்கு. மூன்றையும் பிரித்தும் போடலாம், ஒருவருக்கே கொட்டியும் விடலாம். தோட்டங்களில் பாதிப் பேருக்குக் குடியுரிமை கிடையாது. ஆகவே வாக்கு இருந்தவர்கள் மூன்று புள்ளடியையும் ஒரே ஆளுக்குப் போட்டோம். முதல் இரண்டு இடம் யாருக்கோ போகட்டும், மூன்றாவது நமக்கு. அப்பாவின் விண்ணப்பம் தேறியதால் எனக்கு வாக்கு இருந்தது. மாமாவின் விண்ணப்பத்தை ஏதோ கடதாசி குறைகிறது என்று தள்ளிவிட்டார்கள். ஆனாலும் கூட்டத்துக்குக் கூட்டம் கொடி கட்டியவர் அவர்தான்.

நாங்கள் வாக்களித்துவிட்டுத் திரும்பியபோது, மாமாவும் இடது சுண்டுவிரல் கறுக்க, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்றார். ஸ்டோர் மையைப் பூசியிருந்தார். எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோருக்கும் புரிந்தது, யாரும் கேட்கவில்லை. நான் மட்டும், "என்ன மாமா, ஓட்டு போட்டாச்சா?" என்று சீண்டினேன். சிரித்தார். அதை நினைத்தால் இன்றும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

மூன்றாமிடம் எங்கள் ஆளுக்கே வந்தது. மறுநாள் நடுப்பகலில் இரண்டு லொறி ஆட்கள் பொல்லும் கத்தியுமாக வந்து இறங்கினார்கள். தோற்றவர் ஒருவரின் ஆட்கள் என்று பிறகு சொன்னார்கள். முதல் லயத்தின் கதவுகளை உடைத்து, அடுத்த லயத்துக்குத் தீ வைத்தார்கள். புகையைப் பார்த்து மலையிலிருந்து ஓடிவந்த எங்களை, காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்தி, விரலைக் காட்டு என்று சிங்களத்தில் கத்தினார்கள். வாக்குப் போட்டவர்களுக்குத்தான் அடி. கொழுந்து பறிக்கிற பெண்களுக்குப் பத்து விரலும் தேயிலைக் கறை ஏறிக் கறுத்திருக்கும். என் கையில் எது மை, எது கறை என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கன்னத்தில் ஓர் அறை விட்டுத் தள்ளினார்கள். வாக்குப் போட்ட ஆண்கள் தேயிலைக்குள் ஓடிவிட்டார்கள். மாமாவுக்கு வாக்கே இல்லை என்பதால் அவருக்கு ஓடத் தோன்றவில்லை. வேலை மை போக மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவிய கையில், அவர் வேண்டுமென்றே கழுவாமல் விட்ட ஒரே ஒரு கறுப்பு விரல்.

முட்டி போடவைத்து முதுகில் பொல்லால் அடித்தார்கள். வாயில் உதைத்தார்கள். மாமாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். வாக்கு இல்லை என்று சொன்னால் விட்டிருப்பார்கள். நான் சொல்ல வாயெடுத்தேன். ரத்தம் ஒழுகும் முகத்தைத் திருப்பி, வேண்டாம் என்று தலையசைத்தார். நானும் அடங்கிவிட்டேன். பயம்தான் காரணம், அவர் தலையசைத்தது எனக்கு ஒரு சாக்கு. கையைக் கல்லில் அழுத்திப் பிடித்து, தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டினார்கள். விரல் என் காலடியில் வந்து விழுந்தது.

ஆஸ்பத்திரியில் ஏன் சொல்லவில்லை என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"ஓட்டில்லாதவன்னு சொல்லியா உசுர காப்பாத்திக்கணும்?" என்றார்.

எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அவர் மீதா, என் மீதா என்றுதான் தெரியவில்லை.

பிறகு தொகுதியையே கலைத்து மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். மாமாவுக்கும் குடியுரிமை வந்தது. அவருடைய முதல் வாக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். மை பூசுகிற உத்தியோகத்தர் இடது கையைப் பிடித்து, சுண்டுவிரல் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"அந்த வெரலு முன்னாடியே ஓட்டு போட்டுருச்சுங்க ஐயா," என்று மாமா பக்கத்து விரலை நீட்டினார். "இதுல பூசுங்க."

பள்ளிக்கூடத்திலிருந்து லயம் வரை அந்தக் கையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார். முந்தானைக்குள் மறைக்கிறவள் நான்தான்.