அப்பாவின் போனில் இருந்த தையல்காரி

எங்கள் அப்பாவுக்கு இன்னொரு மனைவி இருக்கிறாள் என்று மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நான் உறுதியாக நம்பினேன். அவள் நன்றாகத் துணி தைப்பாள் என்பதுவரை எனக்குத் தெரிந்திருந்தது.

எல்லாம் அந்தப் போனால் வந்த வினை. வேங்கிக்காலில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனம் இருந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா அங்கே படித்து, அவர்கள் கொடுத்த மிஷினோடு வீடு வந்தாளாம். படித்து முடித்தவர்களை அவர்கள் அப்படியே விட்டுவிடுவதில்லை, மாதாமாதம் போனில் விசாரித்து மீட்டிங்குக்கும் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே போன், அது அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது.

"நல்லா தச்சிக்கினு இருக்காங்க மேடம். ஆர்டர் ஜாஸ்தி. மீட்டிங்குக்கு வர நேரமே இல்லீங்க" என்பார் அப்பா, ரொம்பப் பணிவாக.

எனக்குத் தலை சுற்றும். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் கடையில் அம்மா காலையிலிருந்து டீதான் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டு மிஷினோ, பௌர்ணமிக் கூட்டத்துக்காக வாங்கி அடுக்கிய தண்ணீர் பாட்டில் கட்டுகளுக்குப் பின்னால் கண்ணிலேயே படாது. அப்படியென்றால் தைக்கிறவள் வேறு எங்கோ இருக்கிறாள். அம்மாவுக்குத் தெரிந்தால் அழுவாளே என்று பயந்து நான் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் அப்பா போனைச் சார்ஜில் போட்டுவிட்டு டவுனுக்குப் போயிருந்தார். போன் அடித்தது, எடுத்தேன். ஒரு பெண், அம்மாவின் முழுப் பெயரையும் சொல்லி, அவர் இருக்கிறாரா என்றாள். பிறகு, தையல் எப்படிப் போகிறது பாப்பா என்று கேட்டாள்.

"எங்கம்மா டீதான் போடுவாங்க. தைக்கிறவங்க வேற ஆளு" என்றேன்.

நேரிலேயே வருவதாகச் சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

மறுநாளே அந்த அக்கா ஆட்டோவில் வந்து கடைமுன் இறங்கினாள். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. துடைத்த பெஞ்சையே மறுபடி மறுபடி துடைத்தார்.

"மாசாமாசம் கூப்புடுறோம், ஒரு மீட்டிங்குக்குகூட வரலியேக்கா? கூட படிச்சவங்கல்லாம் உங்களத்தான் கேக்குறாங்க" என்றாள் அம்மாவிடம்.

அம்மா டீ டம்ளரோடு அப்படியே நின்றாள்.

"எங்கிட்ட யாரும் சொல்லலியே. என்ன மறந்துட்டீங்கன்னு இல்ல நெனச்சேன்."

அக்கா அப்பாவைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருப்பதை அம்மாவிடமே இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது பெரிய சண்டை வரும், இரண்டாவது மனைவி வெளியே வருவாள் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா வீட்டுக்குள் போய்ப் பாட்டில் கட்டுகளை நகர்த்த ஆரம்பித்தாள். உதவிக்கு வந்த அப்பாவை, "நீங்க உடுங்க" என்று ஒதுக்கினாள். மிஷின் முழுசாகத் தெரிந்ததும் அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள்.

"போன்ல மொதல்ல என்னா கேட்டாங்க?"

சொன்னேன்.

"எம்பேர சொல்லியா?"

அவள் அப்பாவுக்கு 'இந்தா', தெருவுக்குப் 'பாப்பாம்மா', வருகிறவர்களுக்கு 'டீக்கடைக்காரம்மா'. போனில் கேட்ட முழுப் பெயரைச் சொல்லிக் காட்டினேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டாள்.

பாவம், காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கடைவரைக்கும் கேட்கும்படி கத்திச் சொன்னேன்.