குந்தியிருக்கும் வரிசையில் இரண்டாவது

“இன்னொருக்காக் குந்துங்கோ அண்ணை. இடது முழங்கால் நிலத்திலை முட்ட வேணும். தலையைக் கொஞ்சம் உயர்த்துங்கோ. ஓம், அப்பிடியே இருங்கோ.”

பாரிஸின் லா சப்பல் நடைபாதையில், மரக்கறிக் கடைக்கும் நகைக் கடைக்கும் நடுவே, செபஸ்டியன் குந்துகிறார். வயது அறுபத்தைந்து. கையில் முருங்கைக்காய்ப் பை. எதிரே கழுத்தில் அளவு நாடாவோடு நிற்கும் மடுத்தீன், கையிலிருக்கும் பழைய புகைப்படத்தையும் குந்தியிருப்பவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். கடைசியில் தீர்ப்பு வருகிறது. “உங்களுக்குப் பாதம் வெளிப்பக்கம் திரும்புது. படத்திலை குந்தியிருக்கிறவருக்கு உள்பக்கம். நீங்கள் இல்லை அண்ணை.” செபஸ்டியனைத் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதில் ஒருவன் நான்.

ஒரு மாதமாக இதுதான் நடக்கிறது. பேட்டை நூலகத்தில் வேலை பார்க்கும் ஷார்லோத், அந்த வட்டாரத்து விளையாட்டு அணிகளின் பழைய படங்களைக் கண்காட்சியாக வைக்கிறார். ஒரு சுவர் முழுவதும் டோர்மோய் ஸ்டார்ஸ் அணிக்கு. பதினொரு படங்கள், ஒவ்வொரு முகத்துக்கும் கீழே சரியான பெயர். படம் கொடுப்பது, பெயர் சொல்வது இரண்டும் மடுத்தீன் பொறுப்பு. இப்போது விசாரித்தால் அந்த அணியில் நூற்றைம்பது பேர் ஆடியிருக்கிறார்கள். ஆடியது பதினாறு பேர்.

மடுத்தீன் துணி திருத்தும் கடைக்காரர். இரண்டு தையல் இயந்திரங்களும் ஒரு முக்காலியும் போட்டால் கடை நிறைந்துவிடும். சட்டைக் காலரில் எப்போதும் ஏழெட்டுக் குண்டூசிகள். மனிதர்களை இடுப்புக்குக் கீழேதான் அவருக்குத் தெரியும். “முகம் மாறும். முடி போகும். நிக்கிற நிலை மாறாது” என்பது அவர் கட்சி. காற்சட்டையைக் குறைக்கப் போன என்னையும் விடவில்லை. “உங்களுக்கு வலது கால் அரை சென்டிமீட்டர் கட்டை” என்றார். முப்பத்தெட்டு வருடமாக எனக்குத் தெரியாத விஷயம். அன்றிலிருந்து நான் கொஞ்சம் சாய்ந்து நடப்பதாக எனக்கே படுகிறது.

அணி ஆடியது கிரிக்கெட்டோ கால்பந்தோ இல்லை, எல்லே. நான் சென்னைக்காரன், கேள்விப்பட்டதே இல்லை. இலங்கைப் பள்ளிகளில் ஆடுவார்களாம். நீளத் தடியால் பந்தை அடித்துவிட்டு, நான்கு எல்லைகளையும் சுற்றி ஓடி வரவேண்டும். ஓடும்போது எதிரணிக்காரர் பந்தால் முதுகில் எறிந்தால் ஆட்டம் இழந்தாயிற்று. மார்க்ஸ் டோர்மோயில் ஒரே அறையில் ஏழு பேராகக் குடியிருந்த பையன்கள், துப்புரவு வேலைக்குப் போன இடத்துத் தும்புத்தடியை, அதாவது துடைப்பக் கட்டையை, கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் செவ்ரான் பூங்காவில் ஆடத் தொடங்கினார்கள். பார்த்த பிரெஞ்சுக்காரர்கள் “பேஸ்பாலா?” என்று கேட்டார்கள். பிரெஞ்சு அதிகம் தெரியாத பையன்கள் “ஓம்” என்று தலையாட்டிவிட்டார்கள்.

தலையாட்டியதன் பலன், 1990 கோடையில் நிஜமான பேஸ்பால் அணி ஒன்று கையுறையும் தலைக்கவசமுமாக வந்து இறங்கியது. பாதி விதி அவர்களுடையது, பாதி நம்முடையது. ஓடிய பிரெஞ்சுக்காரரின் முதுகில் பந்தை எறிந்ததும் பெரிய சண்டையாகப் பார்த்தது. பிறகு அவர்களுக்கே அது பிடித்துப்போய், சும்மா நின்றவர்கள் மேலும் எறிய ஆரம்பித்தார்கள். கடைசிப் பந்தை மடுத்தீன் அடித்த அடியில் அது மரங்களுக்குள் போய்த் தொலைந்தது. இரண்டு அணியும் தாங்களே வென்றதாக இன்றுவரை நம்புகின்றன. அவர்களின் பயிற்சியாளர் அர்னோ, நம் பையன்களை இரண்டு வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து, பெரிய அளவில் ஒரு பிரதி அனுப்பிவைத்தார். அர்னோ போய்ச் சேர்ந்து பத்து வருடம். நெகட்டிவ் எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியாது.

கண்காட்சியின் பெரிய படம் அதுதான். அதில் ஒரு ஓட்டை. குந்தியிருக்கும் வரிசையில் இரண்டாவது ஆளுக்குத் தலை இருக்கவேண்டிய இடத்தில், தபால் தலை அளவுக்குச் சதுரமாக, சுத்தமாக வெட்டப்பட்ட ஓட்டை. தையல்காரர் கத்தரி, பிசிறே இல்லை. வெட்டியவரும் வெட்டப்பட்டவரும் மடுத்தீனே.

“கலியாணப் பேச்சு வந்தது. மன்னாருக்குப் படம் அனுப்ப வேணும். ஸ்டேசனிலை காசு போட்டு எடுக்கிற போட்டோமாத்தோன் பெட்டியிலை எடுத்ததெல்லாம் அகதி அலுவலகத்துக்கு எடுத்தது. அதிலை என்ர முகத்தைப் பாத்தால் ஆரும் பொம்பிளை தரமாட்டினம். சிரிச்ச படம் இது ஒண்டுதான் இருந்தது.”

படத்தில் அவர் பக்கத்தில் குந்தியிருந்த யோகநாதனின் வலது காதும் அந்தச் சதுரத்தோடு மன்னாருக்குப் போய்விட்டது. யோகநாதன் செவ்ரானிலிருந்து ரயிலேறி கார் து நோர் நிலையத்தில் இறங்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கடை வாசலில் நின்று, “என்ர காது எங்கை?” என்று கேட்டுவிட்டுத்தான் சாமான் வாங்கப் போவார்.

காது மன்னாரிலிருந்து பாரிஸுக்கே திரும்பி வந்துவிட்டது. 1992இல் மணப்பெண் பியட்றிஸ் அதைத் தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வந்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. “ஒரு கிழமைக்குத் தாரும், ஒட்டிப்போட்டுத் திரும்பத் தாறன்” என்று மடுத்தீன் கேட்டபோது நானும் கடையில் இருந்தேன். பியட்றிஸ் மதியச் சாப்பாட்டுப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “அது எனக்கு அனுப்பினது. உங்கட எல்லே ரீமுக்கு அனுப்பினதில்லை.”

“போனிலை ஒரு படமாவது எடுக்கிறனே.”

“நாளைக்கு வட்ஸப்பிலை ஊர் முழுக்கச் சுத்தும். அந்தச் சிரிப்பைப் பாத்துத்தான் ஓமெண்டனான். வந்து பாத்தால் ஆள் வேலைக்குப் போறார், வாறார், படுக்கிறார். முப்பத்திரண்டு வருசத்திலை ஒரு படத்திலை சிரிச்சனீங்களோ?”

மடுத்தீன் ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமானார். உண்மையில் அவர் படத்துக்கு நிற்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வார். எனக்கு அந்த நிமிடம் பியட்றிஸ் பக்கம்தான் மனம் சாய்ந்தது. ஆனாலும் அணித் தலைவரான தானே இல்லாத அணிப் படத்தை எப்படி மாட்டுவது என்று மடுத்தீன் இரவெல்லாம் புரண்டதையும் அறிவேன்.

சனிக்கிழமை நூலகச் சுவரில் படம் ஏறியது. சட்டத்துக்குள், ஓட்டைக்குப் பின்னால், பழைய சீருடையிலிருந்து வெட்டிய நீலத் துணி. கிழிசலுக்கு ஒட்டுப்போடுவது தொழிலல்லவா. கீழே பெயர் அட்டையில் அந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு. ஷார்லோத் கேட்டதற்கு, “முகம் இல்லாமல் பெயர் எதுக்கு?” என்றார் மடுத்தீன்.

நாலு மணிக்கு, வருவதாகச் சொல்லாத பியட்றிஸ் கோயிலுக்குப் போகும் சேலையில் வந்தார். நீலத் துணியை வெகுநேரம் பார்த்தார். யோகநாதன் பக்கத்தில் போய், “அண்ணி, என்ர காதை ஒருக்காக் காட்டுங்கோவன்” என்றார். கைப்பை திறந்தது, ஜெபப் புத்தகம் திறந்தது, சதுரம் வெளியே வந்தது. யோகநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காதைப் பார்த்தார். பியட்றிஸோ கணவர் பக்கம் திரும்பினார்.

“இதிலை இருக்கிறவர் நீங்கள்தானெண்டு என்ன அத்தாட்சி? ஊரிலை எல்லாரையும் குந்தவைச்சனீங்களெல்லோ. இப்ப நீங்கள் குந்துங்கோ பாப்பம்.”

“எனக்கு முழங்கால்...”

“செபஸ்டியன் அண்ணைக்கும் முழங்கால்தான்.”

சுவரைப் பிடித்துக்கொண்டு மடுத்தீன் குந்தினார். இடது முழங்கால் நிலத்தில். பியட்றிஸ் ஒரு கண்ணை மூடி, சதுரத்தை அவர் கன்னத்தருகே பிடித்துப் பார்த்தார். “படத்திலை இருக்கிறவர் சிரிக்கிறார். நீங்கள் இல்லை.”

யோகநாதனுக்கு அதற்குமேல் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நண்பருக்குப் பக்கத்தில், பழைய இடத்தில், தானும் குந்தினார். பாதி வழியில் சமநிலை தவறி, மடுத்தீனின் தோளைப் பிடித்து, அதுவும் போதாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மடுத்தீன் சிரித்துவிட்டார். வாயை மறைக்கக் கை வரவில்லை. இரண்டு கையும் யோகநாதனைப் பிடித்துக்கொண்டிருந்தன.

பியட்றிஸ் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். பிறகு திரும்பி, சட்டத்தின் கண்ணாடிமேல், நீலத் துணி தெரியும் இடத்தில், சதுரத்தை வைத்து அதன் ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டார். ஷார்லோத் பசையோடு ஓடி வந்தார். பியட்றிஸ் வேண்டாமென்று தலையசைத்தார். ஆறு மணிக்கு நூலகம் மூடும்வரை மடுத்தீன் அவருடைய கைப்பையையும் ஜெபப் புத்தகத்தையும் ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். பியட்றிஸ் ஒரு கை வலித்தால் மற்றக் கைக்கு மாற்றினாரே தவிர, விரலை எடுக்கவில்லை.