மேற்கே நீட்டிய கால்

அல்லாஹ் செய்த உபகாரத்தை வாய்க்குள்ளேயே பூட்டி வைத்திருந்தால் அது நன்றிகெட்டதனம். அதனால்தான் சொல்ல வந்தேன், கேளுங்கள்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம். எனக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை. தென்காசியில் குழித்தறி போட்டு நெய்துகொண்டிருந்தேன். இடது முழங்காலில் வலி கண்டது. நாள் முழுக்கத் தறி மிதிக்கிறவனுக்கு முழங்கால் வலிப்பது ஓர் அதிசயமா? விட்டுவிட்டேன். போகப் போக முட்டிக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது.

நம் பக்கத்தில் கை கால் பிடித்துக்கொண்டால் எங்கே போவோம்? குற்றாலத்துக்குத்தான். ஆனிச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய் தேய்க்கிறவர் என் காலைத் தன் தொடைமேல் போட்டு நீவு நீவென்று நீவினார்.

“ஒண்ணுமில்ல சாயபு, வாயு கட்டிக்கிட்டு நிக்குது. அருவியில காட்டுங்க, ஒடச்சு எறக்கிப்புடும்.”

காட்டினேன். ஐந்தருவிப் பாறையில் முதுகைச் சாய்த்து, தண்ணீர் விழுகிற இடத்துக்கு முழங்காலை நீட்டிக்கொண்டு நிற்பேன். தலைக்கு மேலே இருப்பது மேகமா அருவியா என்று தெரியாது. அந்த இரைச்சலில் என் பெயரே எனக்கு மறந்துபோகும். வலி மரத்துவிடும். குணமாகிறது என்றே நம்பினேன். சாரல் ஓய்கிறவரைக்கும் போனேன்.

ஒரு சாயங்காலம் என் மனைவி மைமூன் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை எடுத்தாள்.

“என்னங்க, உள்ள என்னமோ நொறுங்குது. முட்டை ஓட்டை அமுக்குன மாதிரி இருக்கு.”

“ஏட்டி, பேசாம தேச்சு விடு” என்று எரிந்து விழுந்தேன். என் நாக்கு எப்போதும் அப்படித்தான். அவள் தேய்க்கவில்லை, அழுதாள். மறுநாளே என்னை ரயிலேற்றி மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பின் முனை சோப்பு நுரைபோலக் குமிழ் குமிழாக இருந்தது.

“எலும்புக்குள்ள கட்டி. இதைப் போயா நீவினீங்க, அருவியில வேற காட்டினீங்க? எலும்பு முறியாம வந்து சேர்ந்ததே பெரிசு” என்றார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். “இதுல ஒரு வகை எலும்பைத் தின்னுட்டு அங்கேயே நிக்கும். இன்னொண்ணு உடம்பெல்லாம் பரவும். பரவுறதா இருந்தா காலைத் தொடையோட எடுத்தாகணும். படத்தை மட்டும் பார்த்து நான் சொல்ல மாட்டேன்.”

கட்டியில் ஒரு துளி வெட்டி எடுத்து, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்துச் சொல்லும்படி சென்னைக்கு அனுப்பினார்கள். பதில் வருகிறவரை காத்திருக்கச் சொன்னார்கள்.

அந்த நாட்கள் எனக்குக் கனவுபோலத்தான் நினைவிருக்கின்றன. வெளியே மதுரை வெயில் கொளுத்தும். நான் கண்ணை மூடினால் சாரல் பெய்யும். விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று தெரியாமல் ஒன்றையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். யா ரப்பே, நெற்றி தரையில் பட உனக்கு ஸஜ்தா செய்ய மடங்குகிற கால் இது. இதை எடுத்துவிடாதே.

கட்டிலடியில் மைமூனும் கையேந்திக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது என் காதில் விழுந்தது.

“யா அல்லாஹ், கால் போனாப் போவட்டும். ஆளை விட்டுரு.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “கால் இல்லாம தறிக்குழியில நான் எதைக்கொண்டு மிதிக்க?”

“மிதிக்காண்டாம். உக்காந்த எடத்துல என்னைய ஏசிக்கிட்டு இருங்க. எனக்கு அது போதும்.”

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். யா அல்லாஹ், உன் இஷ்டம் என்று அப்போதுதான் முதல்தடவையாகச் சொன்னேன்.

பதில் வந்தது. பரவுகிற வகை இல்லை! மைமூன் தரையில் நெற்றி வைத்தவள் எழுந்திருக்கவே இல்லை. டாக்டர் அவள் எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்து மீதியைச் சொன்னார். கெட்டுப்போன முனையை வெட்டி எடுத்துவிட்டு, மற்றக் காலிலிருந்து எலும்பு எடுத்து வைத்து இணைக்க வேண்டும்.

“கால் நிக்கும். நடக்கலாம். ஆனா முழங்கால் இனிமே மடங்காது.”

மூக்கில் மயக்க மருந்துத் துணியை வைத்தார்கள். நான் அருவிக்குள் நடந்துபோனேன். தண்ணீர் சத்தமில்லாமல் விழுந்தது, பஞ்சுபோல. அங்கே வலியும் இல்லை, பயமும் இல்லை. அப்படியே இருந்துவிடலாம் என்றிருந்தது. யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கூப்பிட்டது மைமூன்தான். இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. விடியற்காலைத் தொழுகை நேரம். முகம் வைத்துத் தொழ கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். கட்டுப்போட்ட கால் நேரே மேற்கே நீட்டிக்கொண்டிருந்தது. மக்காவில் கஅபா இருக்கிற திசைக்கு நம் வீட்டில் சின்னப்பிள்ளை கால் நீட்டினாலே தட்டி மடக்குவோம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

“கட்டிலைத் திருப்பச் சொல்லு.”

“வேண்டாம். எந்திரிக்க முடியாத நோயாளி அங்கன காலை நீட்டிக்கிட்டே தொழலாம்னு எங்க வாப்பா சொல்லித் தந்திருக்காக. தொழுங்க.”

கண்ணாலேயே குனிந்து, கண்ணாலேயே நிமிர்ந்து தொழுதேன். அத்தனை வருஷம் தொழுததில் அப்படி ஒரு தொழுகை வாய்த்ததில்லை. அல்லாஹ்வின் பக்கத்திலேயே கிடப்பதுபோல இருந்தது.

இப்போது நான் தறி மிதிப்பதில்லை. தெருவில் பாவு நூலை நீள விரித்துக் கஞ்சி போடுகிறேன். அது நடந்து செய்கிற வேலை. மைமூனை ஏசுவதும் குறைந்துவிட்டது. உடம்பு சரியில்லையா என்று கேட்கிறாள். கரையாத வீக்கத்தோடு யாரையாவது பார்த்தால் எண்ணெய் தேய்க்க விடமாட்டேன். கையைப் பிடித்து ரயிலேற்றிவிடுவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். மருந்தும் அவன் தந்ததுதான்.

பள்ளிவாசலில் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்துதான் தொழுகிறேன். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் முறைப்பார்கள். முறைக்கட்டும். மடங்குகிற காலைக் கேட்டேன், மடங்காத காலைத் தந்தான். அவள் ஆளைக் கேட்டாள், ஆளையும் தந்தான். உங்களுக்கு என்ன வேண்டுமோ அவனிடம் கேளுங்கள். நீங்கள் கேட்ட மாதிரியே தருவான் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் கேளுங்கள்.